அமைதிக்கடலும் ஓர் அருட்சகோதரியின் வினாவும்

இத்தாலியின் பொலோஞா நகரில் 1651ஆம் ஆண்டு வானியல் பற்றிய பெருநூலொன்று அச்சேறியது. 'புதிய அல்மஜெஸ்ட்' என்னும் பெயருடைய அந்நூலை எழுதியவர் ஜொவான்னி பத்திஸ்தா ரிச்சோலி என்னும் இயேசு சபைக் குரு. அதில் நிலாவின் வரைபடமொன்று இடம்பெற்றது. அதனை வரைந்தவர் அவருடைய சபைத் தோழரான பிரான்செஸ்கோ கிரிமால்தி. தொலைநோக்கியில் கருமையாகத் தெரிந்த பரப்புகளை அக்காலத்தார் கடல்கள் என்று அழைத்தனர். நிலவின் வளர்பிறை தேய்பிறைகளுக்கும் பூமியின் மழை, காற்றுகளுக்கும் தொடர்புண்டு என்பது அன்றைய நம்பிக்கை. எனவே ரிச்சோலி அப்பரப்புகளுக்கு மழைக்கடல், மேகக்கடல், புயல்மாக்கடல் என்றெல்லாம் பெயர் சூட்டினார். அவற்றுள் ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் அமைதிக்கடல். வரைபடத்தின் மேற்பகுதியில் இலத்தீன் மொழியில் ஒரு குறிப்பும் பொறித்தார். நிலாவில் மனிதர் வாழவில்லை என்பதும், இறந்தோரின் ஆன்மாக்கள் அங்கே குடியேறுவதில்லை என்பதும் அக்குறிப்பின் சாரம்.

318 ஆண்டுகள் கழிந்தன. 1969ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள், இந்திய நேரப்படி 21ஆம் நாள் பின்னிரவு 1 மணி 47 நிமிடத்திற்கு, நீல் ஆம்ஸ்ட்ராங், எட்வின் ஆல்ட்ரின் என்னும் இருவர் ரிச்சோலி பெயரிட்ட அதே அமைதிக்கடலில் இறங்கினர். ஏறத்தாழ 21 மணி 30 நிமிடம் அங்கே தங்கினர். ஒரு குருவானவர் 'மனிதர் இல்லை' என்று குறித்துவைத்த இடத்தில் அந்த ஒரு பகலளவேனும் மனிதர் இருந்தனர்.

இங்கு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்லுதல் நலம். கலிலேயோவின் வழக்கை மட்டும் காட்டித் திருச்சபையை அறிவியலின் பகைவன் என்று கூறுவோர் பலர். அவ்வழக்கில் இழைக்கப்பட்ட தவற்றைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளிப்படையாகவே ஏற்றுப் பேசினார். நாமும் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நிலாவின் பள்ளங்களில் முப்பதுக்கும் மேற்பட்டவை இயேசு சபைக் குருக்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன என்பதும் உண்மையே. இன்று நாம் பின்பற்றும் கிரகோரியன் நாட்காட்டியை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்ட கிளாவியுசின் பெயரும் அவற்றுள் ஒன்று. கொப்பர்னிக்கசின் கொள்கையை ரிச்சோலி ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும் நிலாவின் மிக அழகிய பள்ளங்களுள் ஒன்றுக்கு கொப்பர்னிக்கசின் பெயரையே இட்டார். கருத்தை மறுத்தும் மனிதரை மதிக்கும் அப்பண்பு இன்றைய நம் வாதங்களில் அருகிவருகிறது.

மனிதன் நிலாவுக்குச் சென்றது அறிவுத் தாகத்தினால் அன்று. அதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியது. 1961 ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் பூமியைச் சுற்றிவந்தார். அமெரிக்காவின் தன்மானம் புண்பட்டது. ஏறத்தாழ ஆறு வாரங்களில், மே 25ஆம் நாள், அந்நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி, அப்பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலாவில் இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொணர்வோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். போட்டியும் அச்சமுமே அம்முயற்சியின் தொடக்கம். பெரிய செயல்கள் யாவும் தூய நோக்கத்தோடுதான் தொடங்கும் என்று எண்ணுவோர் திருச்சபையின் வரலாற்றையும் சற்றுப் படித்துப் பார்க்கலாம்.

அப்போட்டிக்கு நடுவேயும் ஒரு நல்ல வித்து விழுந்தது. 1967 சனவரி 27ஆம் நாள் விண்வெளி ஒப்பந்தம் வாஷிங்டன், இலண்டன், மாஸ்கோ ஆகிய மூன்று தலைநகரங்களிலும் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. நிலாவையோ பிற கோள்களையோ எந்த நாடும் தன் உடைமையென்று உரிமை கொண்டாட இயலாது. விண்வெளி வீரர் அனைவரும் மனிதகுலத்தின் தூதர்களாகக் கருதப்படுவர் என்று அது விதித்தது. வாஷிங்டன் விழாவில் ஆம்ஸ்ட்ராங்கும் கலந்துகொண்டார். அதே நாள் மாலையில் கென்னடி முனையில் அப்போலோ கலத்தின் ஒத்திகையின்போது தீப்பற்றி, கிரிசம், ஒயிட், சாஃபி என்னும் மூன்று வீரர்கள் உள்ளேயே மாண்டனர். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் நிலாவில் இறங்கியோர் அம்மூவரின் நினைவுச் சின்னத்தோடு, இறந்துபோன சோவியத் வீரர்களான ககாரின், கோமரோவ் ஆகியோரின் பதக்கங்களையும் அங்கே வைத்துவிட்டு வந்தனர். போட்டியில் தோற்ற தரப்பின் இறந்தோரையும் வென்றவர் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது. நிலாவில் நாட்டிய கொடியைவிட இதுவே நம் நெஞ்சைத் தொடுகிறது.

நிலாப் பயணத்தில் நிலைத்து நிற்கும் பொருள் எது என்று வினவினால், முதலில் 1968ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முன்னிரவைத்தான் நாம் சுட்டுவோம். அவ்வாண்டு கொடிய ஆண்டு. மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலிலும், ராபர்ட் கென்னடி சூனிலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் சோவியத் படைகள் பிராகு நகருக்குள் புகுந்தன. வியத்நாமில் போர் எரிந்துகொண்டிருந்தது. ஆண்டின் முடிவில் போர்மன், லோவெல், ஆண்டர்ஸ் என்னும் மூவர் அப்போலோ 8 கலத்தில் சென்று நிலாவைப் பத்து முறை சுற்றினர். பூமியின் ஈர்ப்பைக் கடந்து வேறொரு விண்பொருளை அடைந்த முதல் மானிடர் இவர்களே. டிசம்பர் 24ஆம் நாள், நிலாவின் விளிம்புக்கு மேலாகப் பூமி எழுவதை ஆண்டர்ஸ் கண்டு வண்ணப் படம் எடுத்தார். சாம்பல் நிறப் பாழ்நிலத்திற்கு அப்பால், கருமையான வெளியில், நீலமும் வெண்மையுமாக ஒரு சிறு உருண்டை. அதில் நாட்டெல்லைகள் தெரியவில்லை. நிலாவை ஆராயப் போனவர்கள் பூமியைக் கண்டறிந்து வந்தார்கள் என்ற கருத்தை ஆண்டர்ஸ் பிற்காலத்தில் பலமுறை கூறினார். சுற்றுச்சூழல் இயக்கம் அப்படத்தைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. 1970 ஏப்ரல் 22ஆம் நாள் முதலாவது பூமி நாள் கொண்டாடப்பட்டது. திருத்தந்தை பிரான்சிசு 2015இல் பூமியை நம் பொது இல்லம் என்று அழைத்துச் சுற்றுமடல் விடுத்தபோது, அச்சொல்லைக் கேட்ட பலருடைய மனக்கண்ணில் தோன்றியது இப்படமாகத்தான் இருக்க வேண்டும்.

அன்றிரவு அம்மூவரும் நிலாவைச் சுற்றியபடியே தொடக்கநூலின் முதல் பத்து வசனங்களைப் பகுதி பகுதியாக வாசித்தனர். உலகெங்கும் பல கோடி மக்கள் அதைக் கேட்டனர். இறைமறுப்பாளர் ஒருவர் அதற்காக அரசின்மீது வழக்குத் தொடுத்தார். நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. ஆயினும் அவ்வழக்கின் நிழல் அடுத்த பயணத்தின்மீது விழுந்தது.

ஆல்ட்ரின் பிரெஸ்பிட்டேரியன் சபையின் மூப்பர். நிலாவில் இறங்கியபின், வெளியே காலெடுத்து வைக்குமுன், கலத்தினுள்ளேயே தம் சபை முறைப்படி திருவிருந்தில் பங்குகொண்டார். அப்பத்துண்டும் சிறிது இரசமும் சிறு கிண்ணமும் தம்மோடு எடுத்துச் சென்றிருந்தார். நிலாவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கே ஆதலால், இரசம் கிண்ணத்தின் ஓரமாக மெல்லச் சுருண்டு ஏறியது என்று அவர் பின்னர் எழுதினார். யோவான் நற்செய்தியில் திராட்சைச் செடியும் கிளைகளும் பற்றிய பகுதியைத் தனியே வாசித்தார். அதனை வானொலியில் வாசிக்கவே விரும்பினார்; வழக்கை நினைத்த அதிகாரிகள் வேண்டாமென்றனர். எனவே கேட்போர் யாவரும் சற்றே அமைதி காத்து, அவரவர் முறைப்படி நன்றி செலுத்துமாறு மட்டும் வேண்டிக்கொண்டார். நற்கருணை பற்றிய நம் கோட்பாடும் அவர்தம் சபையின் கோட்பாடும் ஒன்றல்ல என்பதை வாசகர் அறிவர். ஆயினும் மனிதன் நிலாவில் உண்ட முதல் உணவும் பருகிய முதல் பானமும் இவையே என்று அவர் குறிப்பிடுவதை நாம் எளிதில் கடந்துவிட முடியவில்லை. மனிதகுலம் முழுவதின் பெயரால் சென்ற இடத்தில் ஒரு சமயத்தாரின் சடங்கைச் செய்தது தகுமா என்று ஆல்ட்ரினே முதிய வயதில் தம் நூலில் ஐயுற்றார். அவ்வையமும் மதிக்கத்தக்கதே. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, 1994ஆம் ஆண்டு எண்டெவர் விண்கலத்தில் சென்ற மூவர், தங்களோடு எடுத்துச் சென்ற நற்கருணையைப் பூமியைச் சுற்றியபடியே உட்கொண்டனர்.

இறங்கும் வேளையில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. கணிப்பொறி மீண்டும் மீண்டும் அபாய அறிவிப்புத் தந்தது. தானியங்கிக் கருவி கலத்தைப் பாறைகள் சிதறிக்கிடந்த ஒரு பள்ளத்தை நோக்கிக் கொண்டுபோயிற்று. ஆம்ஸ்ட்ராங் தம் கையாலேயே செலுத்தி, எரிபொருள் தீர ஒரு நிமிடத்திற்கும் குறைவாக இருந்தபோது தரையிறக்கினார். நாம் வியப்பது அவருடைய நெஞ்சுறுதியை மட்டுமன்று. சுமை மிகுந்தபோது வேண்டாத வேலைகளை ஒதுக்கிவிட்டு இன்றியமையாத வேலையை மட்டும் செய்யுமாறு அக்கணிப்பொறிக்குக் கற்பித்திருந்தது மார்கரெட் ஹாமில்ட்டன் என்னும் பெண்மணியின் தலைமையில் இயங்கிய குழு. அதன் நினைவகத்தை மாசசூசெட்ஸ் மாநிலத் தொழிற்சாலையொன்றில் பெண்கள் கையால் நெய்தனர். ஆம், நெய்தனர். சிறு காந்த வளையத்தினூடே கம்பி சென்றால் ஒன்று, புறத்தே சென்றால் சுழியம். ஓர் இழை தவறினாலும் கணக்கு தவறிவிடும். மகளிர் ஆடைகளுக்குப் பேர்பெற்ற நிறுவனமொன்றைச் சேர்ந்த தையற்காரிகளே 21 அடுக்குகள் கொண்ட விண்வெளி உடையைத் தைத்தனர். அப்போலோ திட்டத்தில் உழைத்தோர் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். நிலாவில் நடந்தோரோ 1969க்கும் 1972க்கும் இடையில் பன்னிருவர். வரலாறு பன்னிருவரின் பெயரைத்தான் எழுதும். நெய்தவளின் பெயரை எழுதாது. நாசரேத்தூர்த் தச்சரின் பட்டறையை வணங்கும் நாமேனும் இதைக் கவனிக்க வேண்டாமா?

வெள்ளை மாளிகையில் அந்நாட்களில் எழுதப்பட்ட ஓர் உரை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே, 1999இல், பரவலாக வெளியே தெரிந்தது. இறங்கிய இருவரும் மேலெழும்ப இயலாமல் அங்கேயே சிக்கிக்கொண்டால் குடியரசுத் தலைவர் நிக்சன் நாட்டுக்குக் கூறவேண்டிய இரங்கலுரை அது. எழுதியவர் வில்லியம் சஃபையர். உரையின் முடிவில் ஒரு குறிப்பும் உண்டு. வானொலித் தொடர்பைத் துண்டிக்கும்போது ஒரு குருவானவர், கடலில் இறந்தோரை அடக்கம் செய்யும் முறையையே பின்பற்றி, அவ்வீரரின் ஆன்மாக்களை 'ஆழங்களின் ஆழத்திற்கு' ஒப்படைத்து, ஆண்டவர் கற்பித்த செபத்தோடு முடிக்க வேண்டும் என்கிறது அது. இறந்தோருக்கல்ல, இன்னும் உயிரோடிருப்போருக்கு அடக்கச் சடங்கு! அடக்கச் செபங்களைப் பலமுறை சொல்லிப் பழகிய நமக்கே இதைப் படிக்கும்போது நா உலர்கிறது. இத்தனை அறிவும் இத்தனை பொருளும் சேர்ந்து சென்ற பயணத்தின் இறுதிக் கையிருப்பு ஒரு செபமாகவே இருந்தது.

காஸ்தல் கண்டோல்போவிலுள்ள வத்திக்கான் வான்நோக்கு நிலையத்தில் அன்றிரவு திருத்தந்தை ஆறாம் பவுல் தொலைநோக்கியின் வழியே நிலாவைப் பார்த்தார். பின் தொலைக்காட்சியில் இறக்கத்தைக் கண்டு, வீரர்களை வாழ்த்தி ஆசி வழங்கினார். உலக நாடுகளின் தலைவர்கள் அனுப்பிய செய்திகளை நுண்ணெழுத்தில் பொறித்த சிறு சிலிக்கான் தகடொன்று நிலாவில் விடப்பட்டது. நம் தலைமை அமைச்சர் இந்திரா காந்தியின் செய்தியும் அதில் உண்டு. ஆறாம் பவுல் அனுப்பியது திருப்பாடல் 8. நிலவையும் விண்மீன்களையும் கண்டு, இவற்றையெல்லாம் படைத்தவர் மனிதனைப் பொருட்படுத்துவது ஏன் என்று வியந்த பாடல் அது. பூமியில் நின்று நிலாவைப் பார்த்துப் பாடியது, இன்று நிலாவில் கிடந்து பூமியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் திருத்தந்தை புகழுரையோடு நின்றுவிடவில்லை. அம்மாதத்து மூவேளைச் செப உரைகளில், கருவியை வழிபடும் புதிய சிலைவழிபாட்டைக் குறித்து எச்சரித்தார். மனிதன் நிலாவை அடையும் அதே நேரத்தில் பூமியில் போர்கள் நடப்பதையும் மக்கள் பசியால் வாடுவதையும் நினைவூட்டினார். அவ்வாரத்தில்தான் எல்சால்வதோரும் ஹொண்டூராசும் போரிட்டன. நைஜீரியாவின் பியாப்ராப் பகுதியில் குழந்தைகள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தனர். பதினொரு நாள் கழித்து ஆறாம் பவுல் உகாண்டாவுக்குச் சென்று, ஆப்பிரிக்க மண்ணில் கால்பதித்த முதல் திருத்தந்தை ஆனார். அங்கே பியாப்ராப் போரை நிறுத்தவும் முயன்றார்.

இவ்விடத்தில் வேடிக்கையான செய்தியொன்றும் சொல்லப்படுவதுண்டு. கென்னடி முனை அடங்கிய ஒர்லாண்டோ மறைமாவட்டத்தின் ஆயர் வில்லியம் பார்டர்ஸ், பழைய திருச்சபைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, 'நிலாவுக்கும் நானே ஆயர்' என்று திருத்தந்தையிடம் கூறினாராம். அம்மறைமாவட்டத்தில் ஏழைகள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பூமியின் கதை அப்படியன்று.

அப்போலோ 11 புறப்படுவதற்கு முந்தைய நாளான சூலை 15 அன்று, மார்ட்டின் லூதர் கிங்கின் வாரிசாக நின்ற ரால்ஃப் அபர்நதி என்னும் போதகர், ஏழைக் குடும்பங்களோடும் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளோடும் ஏவுதளத்தின் வாயிலுக்கு வந்தார். உண்ணவும் உடுக்கவும் வழியற்ற மக்கள் இந்நாட்டிலேயே இருக்க, நிலாவுக்கு ஏன் இத்தனை பொருள் என்று கேட்டார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து, தூறலில் நின்று அவரைச் சந்தித்தார். ஏவும் பொத்தானை அழுத்தாமல் விடுவதால் இவர்களின் வறுமை தீருமென்றால் அழுத்தமாட்டோம் என்றார். மனிதச் சிக்கல்களோடு ஒப்பிட்டால் நிலாவுக்குப் போவது குழந்தை விளையாட்டு என்றும் ஒப்புக்கொண்டார். வீரர்களுக்காகச் செபிக்குமாறு அவர் கேட்க, அபர்நதியும் இசைந்தார். அக்குடும்பங்களுள் சில மறுநாள் விருந்தினராக அமர்ந்து ஏவுகணை எழுவதைக் கண்டன. இருதரப்பும் மாண்போடு நடந்துகொண்டது உண்மைதான். ஆனால் வண்டிகள் வந்த வழியே திரும்பின.

அதே கேள்வியை அடுத்த ஆண்டு, ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் பணியாற்றிய மேரி ஜுக்குந்தா என்னும் அருட்சகோதரி கேட்டார். இம்மண்ணில் இத்தனை குழந்தைகள் பட்டினியால் சாகும்போது, செவ்வாய்க்கு மனிதரை அனுப்பக் கோடி கோடியாய்ச் செலவிட வேண்டுமென்று உங்களால் எப்படிச் சொல்ல முடிகிறது என்று, நாசாவின் அறிவியலாளர் எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கருக்கு எழுதினார். ஸ்டூலிங்கர் 1970 மே 6ஆம் நாள் நீண்டதொரு மறுமொழி எழுதினார். முதலில் சகோதரியின் பணிக்குத் தலைவணங்கிவிட்டு, ஒரு கதை சொன்னார். செருமனியின் ஒரு சிற்றூரில் ஈகைக் குணமுள்ள கோமான் ஒருவர் வாழ்ந்தார். தம் வருவாயின் பெரும்பகுதியை ஏழைகளுக்கு வழங்கினார். அவ்வூரில் ஒருவன் கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்துச் சிறு வில்லைகள் செய்து, அவற்றைக் குழாயில் பொருத்தி நுண்பொருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோமான் அவனைத் தம் இல்லத்தில் வைத்து ஆதரித்தார். கொள்ளை நோயால் நாங்கள் வாடும்போது இந்த வீண்வேலைக்கா பணம் என்று ஊரார் சினந்தனர். கோமானோ ஏழைக்கும் கொடுப்பேன், இவனுக்கும் கொடுப்பேன் என்றார். அம்முயற்சியிலிருந்துதான் நுண்ணோக்கி வந்தது. நுண்ணோக்கியால்தான் பின்னாளில் நோய்க்கிருமிகள் கண்டறியப்பட்டன. இக்கதையோடு, செயற்கைக்கோள்கள் பயிர்களைக் கண்காணித்து விளைச்சலைப் பெருக்க உதவும் என்றும் ஸ்டூலிங்கர் விளக்கினார். நிலாவின்மேல் பூமி எழும் அந்தப் படத்தையும் உடன் வைத்து அனுப்பினார்.

இம்மறுமொழியைப் படித்த பலர், கேள்வி அத்தோடு தீர்ந்தது என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. கதை நல்ல கதைதான். அதன் கருத்தும் பெருமளவு மெய்யானது. 1972இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் முதலாகச் செயற்கைக்கோள்கள் வேளாண்மைக்கும் புயல் எச்சரிக்கைக்கும் செய்திருக்கும் தொண்டு கொஞ்சமன்று. நம் கடற்கரைப் பங்குகளில் அதனால் பிழைத்தோர் பலர். ஆனால் கதையிலுள்ள கோமானை மீண்டும் பாருங்கள். அவர் வில்லை செய்பவனுக்குக் கொடுக்குமுன்பே ஏழைகளுக்கு வாரி வழங்கிக்கொண்டிருந்தவர். அதனால்தான் ஊராருக்குத் தலைநிமிர்ந்து விடை சொல்ல அவரால் முடிந்தது. ஈயாத கோமான் அவ்விடையைச் சொல்லியிருந்தால் அது சாக்குப்போக்காகவே முடிந்திருக்கும். அப்போலோவுக்கு ஆன செலவு ஏறத்தாழ 2,540 கோடி டாலர். வியத்நாம் போருக்கு அதனினும் பன்மடங்கு செலவாயிற்று. சகோதரியின் கேள்வி உண்மையில் நிலாவை நோக்கியது அன்று, முழுக் கணக்கேட்டையும் நோக்கியது. அக்கேட்டில் நிலாவின் பக்கம் குறுகியது, ஆயுதத்தின் பக்கம் நீண்டது. மேலும், உணவு விளைந்தால் போதாது, பகிரப்படவும் வேண்டும் என்பதை ஸ்டூலிங்கரே அக்கடிதத்தில் ஏற்கிறார். விளைச்சல் பெருகியது. ஆனால் 2024ஆம் ஆண்டிலும் உலகில் 67 கோடிப் பேர் பசித்திருந்தனர் என்று ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை கூறுகிறது.

கதையில் இல்லாத ஒன்றும் உண்டு. ஸ்டூலிங்கரும், நிலாவுக்குச் சென்ற சாட்டர்ன் ஏவுகணையை வடிவமைத்த வெர்ன்ஹர் வான் பிரௌனும் இரண்டாம் உலகப்போரின்போது ஹிட்லரின் ஏவுகணைத் திட்டத்தில் பணியாற்றியவர்கள். வி-2 என்னும் அந்த ஏவுகணைகளை மலைக்குள் குடைந்த சுரங்கங்களில் செய்தோர் மித்தல்பாவு-டோரா வதைமுகாமின் கைதிகள். அம்முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் பட்டினியாலும் நோயாலும் கொடுமையாலும் இறந்தனர். அந்த ஏவுகணை விழுந்து மாண்டவர்களைவிட, அதைச் செய்கையில் மாண்டவர்களே மிகுதி என்பர் வரலாற்றறிஞர். வான் பிரௌன் அச்சுரங்கத் தொழிற்சாலைக்குச் சென்றுவந்ததைப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். போர் முடிந்ததும் அமெரிக்கா அவர்களை அழைத்துக்கொண்டது. பழைய ஏடுகள் மூடப்பட்டன. நிலாவில் பதிந்த முதல் காலடிக்குக் கீழே தோண்டினால் இச்சுரங்கத்தைத்தான் காண்போம். இதைச் சொல்வதால் ஆம்ஸ்ட்ராங்கின் அடி மாசுபடுவதில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அந்த அடியைப் புகழ்வது இறந்தவர்களுக்கு இரண்டாம் முறை மண்மூடுவதாகும். கோமானின் கதையை எழுதிய கை, இந்தக் கதையையும் அச்சகோதரிக்கு எழுதியிருக்கலாம்.

இனி, கிடைத்த பயன்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஆறு பயணங்களிலும் கொணர்ந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. அவற்றைக் கொண்டே நிலாவின் பிறப்பு பற்றிய இன்றைய கருத்து உருவாயிற்று. ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்குமுன் இளம் பூமியின்மீது செவ்வாயளவு பொருளொன்று மோதிச் சிதறியதில் நிலா தோன்றியது என்பது அக்கருத்து. வீரர்கள் விட்டுவந்த கண்ணாடிகளின்மீது ஒளிக்கதிரைப் பாய்ச்சி அளக்கையில், நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிச்செல்வது தெரிகிறது. 1971இல் அப்போலோ 15 வீரர்கள் எடுத்துவந்த வெண்ணிறக் கல் ஒன்று 400 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. அதற்குத் 'தொடக்கநூல் கல்' என்று செய்தியாளர் பெயரிட்டனர். அது செல்லப்பெயரே அன்றி, விவிலியத்திற்குச் சான்று அன்று. யோசுவா காலத்தில் காணாமற்போன ஒரு நாளை நாசாவின் கணிப்பொறி கண்டுபிடித்ததாக அச்சிட்ட துண்டறிக்கை நம் ஊர்களிலும் உலவுகிறது. அது முற்றிலும் கட்டுக்கதை. இறைவார்த்தைக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை. மனிதன் நிலாவுக்கே போகவில்லை என்னும் எதிர்க்கட்டுக்கதையும் அவ்வாறே. அங்கே கிடக்கும் கலங்களின் அடிப்பாகங்களையும் நடந்த தடங்களையும் 2009 முதல் சுற்றுக்கலங்கள் படம்பிடித்துள்ளன.

அவ்வெண்கல் அனார்த்தோசைட் என்னும் வகையைச் சேர்ந்தது. அவ்வகைப் பாறை நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் உண்டு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அப்பாறையைப் பொடித்துத்தான் நிலாமண்ணைப் போன்ற மண் செய்து, சந்திரயான் ஊர்திகளை அதில் ஓடவிட்டுப் பார்த்தது. 2008இல் சென்ற சந்திரயான்-1 நிலாவில் நீர் உண்டென்பதற்குச் சான்று தந்தது. 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான்-3 தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியது. முன்னதன் திட்ட இயக்குநர் கோதவாடியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை, பின்னதற்கு விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல்.

இந்தியாவின் விண்வெளி முயற்சி தொடங்கிய இடமோ ஒரு கத்தோலிக்க ஆலயம். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவச் சிற்றூரை, காந்த நடுக்கோடு அதனருகே செல்வதால், விக்கிரம் சாராபாய் தேர்ந்தார். புனித மகதலா மரியாவின் ஆலயம் அங்கே இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஞாயிறு வழிபாட்டில் மக்களிடம் எடுத்துரைத்து இசைவு கேட்டார். அம்மக்கள் தம் ஆலயத்தையும் வீடுகளையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்து வேறிடம் சென்றனர். ஆலயம் அலுவலகமாயிற்று. ஆயரில்லம் பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ஏவுகணை அங்கிருந்து எழுந்தது. ஆலயக் கட்டடம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். அதைப் பார்க்கச் செல்வோர் ஏவுகணைகளைப் பார்க்கின்றனர். விட்டுக்கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியல் நம் கண்ணில் படவில்லை.

எஞ்சியிருப்பது உடைமை பற்றிய கேள்வி. 1967ஆம் ஆண்டு மார்ச்சில், விண்வெளி ஒப்பந்தம் கையொப்பமான இரண்டு மாதங்களில், ஆறாம் பவுல் 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலை விடுத்தார். படைப்புப் பொருள்கள் யாவும் எல்லாருக்கும் உரியவை, தனியுடைமை அதற்கு அடங்கியதே என்று அது கற்பித்தது. நிலாவின் தென்துருவப் பள்ளங்களில் உறைந்திருக்கும் நீரையும் அதன் கனிமங்களையும் அகழ்ந்தெடுக்க இப்போது நாடுகளும் நிறுவனங்களும் ஆயத்தமாகின்றன. நிலத்துக்கு உரிமை கோர ஒப்பந்தம் விடவில்லை. ஆனால் எடுத்த பொருள் எடுத்தவருக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015இல் சட்டம் இயற்றிவிட்டது. நிலாவின் வளங்கள் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று கூறும் 1979ஆம் ஆண்டு நிலா உடன்படிக்கையை அமெரிக்காவோ உருசியாவோ சீனாவோ ஏற்கவில்லை. இந்தியா 1982இல் அதில் கையொப்பமிட்டது, உறுதிப்படுத்தவில்லை. 2023 சூனில், வளங்களை எடுத்துப் பயன்படுத்த இடம்தரும் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் அது கையொப்பமிட்டது.